புல்லட் 350 ரீபோர்: சிலிண்டர் அடியில் மட்டும் 0.03 மி.மீ. குறைவாகக் காட்டுகிறது, அப்படியே மாட்டலாமா?

கல்லிடை_350 (கல்லிடைக்குறிச்சி) எழுதியது:

வணக்கம். அப்பா ஓட்டிய பழைய புல்லட் 350, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது கால் கியர். பாபநாசம் போய்த் திரும்புவதற்குள் ஆயில் குறைந்து, பின்னால் வருகிறவர் முகம் சுளிக்கும் அளவுக்கு நீலப் புகை வந்ததால் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை இறக்கினேன். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் மாட்டுகிற மாதிரி படி விழுந்திருந்தது. ஏற்கெனவே 0.25 ஓவர் (சிலிண்டரை அவ்வளவு மி.மீ. அகட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்) போட்ட வண்டி, அதனால் இப்போது 0.50 ஓவர் பிஸ்டன் கிட் வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து ரீபோரும் (துளையைக் கடைந்து அகட்டுவது) ஹோனிங்கும் (உள்சுவரைக் கல்லால் உரசி முடிப்பது) முடித்து வாங்கி வந்தாச்சு. "மூணு தவ் விட்டிருக்கு, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார்கள். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளியைச் சொல்கிறார்கள்.

கண்ணை மூட மனசு வரவில்லை. பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் மச்சானிடம் 50–75 மி.மீ. மைக்ரோமீட்டரும், துளையின் விட்டம் அளக்கும் போர் டயலும் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். இரண்டும் 0.01 மி.மீ. பிரிவு உள்ளவை. வந்த எண்கள் இவை, எல்லாம் மில்லிமீட்டரில்.

பிஸ்டன்:
மேல் ரிங்குக்கு மேலே, தலைப் பக்கம்: 70.07
ஆயில் ரிங்குக்குக் கீழே, பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்காக: 70.36
ஸ்கர்ட்டின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் சுவர்) கீழ்ப் பகுதி, பின்னுக்குக் குறுக்காக: 70.42
அதே உயரத்தில் பின் போகும் திசையில்: 70.21

சிலிண்டர் (முதல் எண் வண்டியின் முன்–பின் திசை, அடுத்தது இடம்–வலம்):
மேலே: 70.50 / 70.49
நடுவில்: 70.50 / 70.50
அடியில்: 70.47 / 70.47

என் குழப்பம் இரண்டு. பிஸ்டனில் நாலு இடத்தில் நாலு அளவு வருகிறதே, எதைக் கழிப்பது? 70.07ஐ எடுத்தால் இடைவெளி 0.43 வருகிறது, அது பிஸ்டனே இல்லை, உண்டியலில் போட்ட காசு. 70.42ஐ எடுத்தால் மேலேயும் நடுவிலும் 0.08, அடியில் 0.05. இரண்டாவது, அந்த அடி 0.05 போதுமா? பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டால் "டயலைச் சரியா பிடிச்சிருக்க மாட்டீங்க, எல்லா இடத்திலும் ஒரே அளவுதான்" என்கிறார்கள். ரன்னின் (புது பிஸ்டன் படியும் வரை நிதானமாக ஓட்டுவது) முடிந்ததும் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏற்ற வேண்டும் என்று ஆசை, வழியில் ஜாம் ஆகி நின்றால் தள்ளுவதற்கு நான் ஒருத்தன்தான்.

———

பேட்டை_லேத் (பேட்டை) எழுதியது:

தம்பி, முதலில் பிஸ்டனை முடித்துவிடுவோம், அது எளிது. பிஸ்டனைப் பார்த்தால் உருண்டையாகத் தெரியும், ஆனால் எந்தக் கம்பெனியும் அதை உருண்டையாகக் கடைவதில்லை. தலைப் பக்கம் நெருப்புக்கு நேராக இருக்கிறது, அதிகம் சூடாகும், அதிகம் விரியும். அதனால் அங்கே வேண்டுமென்றே சிறியதாக விட்டிருப்பார்கள். கீழே வர வர அளவு பெருகும். அதே மாதிரி பின் போகும் திசையில் உலோகம் கனமாக இருக்கும், சூட்டில் அந்தப் பக்கம்தான் கூடுதலாகத் தள்ளும், ஆகவே அந்தத் திசையில் ஒடுக்கி முட்டை வடிவில் கடைந்திருப்பார்கள். உங்கள் நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. நல்ல பிஸ்டன் என்றுதான் சொல்லுகின்றன.

கழிக்க வேண்டியது 70.42 மட்டும்தான். பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டில் எங்கே மிகப் பெரியதாக வருகிறதோ அந்த அளவு. பிஸ்டன் பெட்டிக்குள் சீட்டு இருந்தால் அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் அளப்பது என்று போட்டிருக்கும், அதன்படியே போங்கள். சீட்டு இல்லையென்றால் ஸ்கர்ட்டின் அடி விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி அளந்து பெரிய எண்ணைப் பிடியுங்கள்.

மூன்று தவ் என்று அவர்கள் சொன்னது தப்பில்லை. ஒரு தவ் 0.0254, மூன்று தவ் 0.076. காற்றில் குளிரும் இரும்பு சிலிண்டரும் வார்ப்பு அலுமினிய பிஸ்டனும் என்றால் அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பட்டறைகளில் ரொம்ப காலமாக இருக்கிற கைக்கணக்கு. 70 என்பது இரண்டே முக்கால் அங்குலம், கணக்கு மூன்றுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் பிஸ்டன் போட்டவன் சீட்டில் வேறு எண் கொடுத்திருந்தால் கைக்கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் எண்ணுக்குப் போங்கள்.

இப்போது அடி அளவு. யார் சரி, நீங்களா பட்டறையா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. நீங்கள் டயலை எதை வைத்து செட் செய்தீர்கள் என்று எழுதவே இல்லையே. நான் செய்வது இது: பிஸ்டனை அளந்த அதே மைக்ரோமீட்டரை 70.42லேயே நிறுத்திப் பூட்டிவிடுவேன். அதை வைஸில் துணி சுற்றி மெதுவாகப் பிடித்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் போர் டயலை வைத்து ஆட்டி, முள் திரும்புகிற இடத்தில் பூஜ்யத்தைக் கொண்டுவந்து வைப்பேன். அப்புறம் டயலைச் சிலிண்டருக்குள் இறக்கினால் அது காட்டுவது போர் அளவு இல்லை, நேரடியாக இடைவெளியே. 70 எங்கே, 0.08 எங்கே. இரண்டு பெரிய எண்ணைத் தனித்தனியாகப் படித்துத் தாளில் கழிக்கும்போதுதான் தப்பு நுழைகிறது. இந்த முறையில் உங்கள் மைக்ரோமீட்டர் 0.02 பொய் சொன்னாலும் கவலை இல்லை, பிஸ்டனுக்குச் சொன்ன அதே பொய்யைத்தான் டயலுக்கும் சொல்லியிருக்கும், கழித்தால் போய்விடும். பிஸ்டனை ஒரு மைக்ரோமீட்டரிலும் டயலை இன்னொரு மைக்ரோமீட்டரிலும் செட் செய்தால் இந்த வசதி கிடையாது.

டயலைச் சிலிண்டருக்குள் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சாய்ந்திருக்கும்போது பெரிய அளவு காட்டும், நேரான நிலையில்தான் மிகச் சிறியது வரும், முள் போய்த் திரும்பும் அந்த ஓரம்தான் உண்மை. நம்மிடம் இருக்கிற போர் டயல்களில் பெரும்பாலும் முள் வலப்பக்கம் ஓடினால் துளை சிறியது, இடப்பக்கம் என்றால் பெரியது. நேர்மாறாகப் படித்துவிட்டு "பட்டறைக்காரன் கெடுத்துட்டான்" என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அடி விளிம்புக்கு ஒட்டியும் அளக்காதீர்கள், பத்து பதினைந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அளங்கள். விளிம்பில் பிசிறு இருந்தாலே எண் மாறும்.

———

தேரிக்காட்டு_டீசல் (திசையன்விளை) எழுதியது:

பேட்டை அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் எல்லோருக்கும் பாலிடெக்னிக் மச்சான் கிடைப்பதில்லை. நான் பம்புசெட் என்ஜின் பிரித்து மாட்டுகிறவன். வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமில் போர் டயலுக்கு எங்கே போவது? ஒரு பழைய ரிங்கும் ஃபில்லர் கேஜும் (சந்துக்குள் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் சிலிண்டர் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று சரிந்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தத் தம்பிக்கும் இதுதான் இப்போது உதவும், ஏனென்றால் டயலை நம்புவதா வேண்டாமா என்பதுதானே சண்டை, டயலைத் தொடாத இன்னொரு சாட்சி வேண்டும்.

புது கிட்டிலிருந்து மேல் ரிங்கை எடுங்கள். பிஸ்டனில் மாட்டாமல் வெறும் ரிங்கைச் சிலிண்டரின் மேல் பக்கம் நுழைத்து, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து அதைக்கொண்டு ரிங்கைச் சமமாகக் கீழே தள்ளுங்கள். கோணலாக இருந்தால் அளவு தப்பு. ரிங் வாயில், அதாவது ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில், ஃபில்லர் கேஜ் விட்டு இடைவெளியைக் குறியுங்கள். அதே ரிங்கை நடுவுக்குத் தள்ளி ஒரு அளவு, அடியில் தள்ளி ஒரு அளவு. ரிங் என்பது சுற்றளவு. சிலிண்டரின் விட்டம் 0.01 குறைந்தால் ரிங் வாய் 0.031 மூடும், மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். உங்கள் டயல் சொல்லுகிறபடி அடியில் 0.03 குறைவு என்றால் ரிங் வாய் மேலே இருப்பதைவிட அடியில் சுமார் 0.09 மூடியிருக்க வேண்டும். அதை ஃபில்லர் கேஜ் தாராளமாகப் பிடித்துவிடும், கண்ணாடி போடாத எனக்கே தெரியும்.

ஒரு குறை இருக்கிறது. சிலிண்டர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் ரிங் அதைச் சொல்லாது, மொத்தச் சுற்றளவை மட்டும்தான் சொல்லும். இது புது போர், இரண்டு திசையும் ஒன்றாகத்தான் வருகிறது, அதனால் பரவாயில்லை.

மற்றபடி என் அபிப்பிராயம், அடியில் இரண்டு தவ் என்பது அவ்வளவு பயப்படுகிற விஷயம் இல்லை. ரன்னினை நிதானமாக ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும். இதுக்குப் போய் திரும்பப் பட்டறைக்கு அலைய வேண்டுமா?

பழைய போரில் நகம் மாட்டும் அளவுக்குப் படி என்றீர்களே, ஏர் ஃபில்டரைப் பார்த்தீர்களா? எங்கள் பக்கம் தேரி மணல் காற்றில் ஏறினால் ஃபில்டர் கிழிந்த என்ஜின் ஒரு கோடையைத் தாண்டாது. அந்தச் செம்மண் ஆயிலோடு சேர்ந்தால் அரைக்கிற பேஸ்ட்தான். ரிங் மேலே போய் நின்று திரும்புகிற இடத்தில் வேகம் பூஜ்யம், ஆயில் படலம் நிற்காது, சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம், முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

———

சூடும்_அளவும் (வண்ணார்பேட்டை) எழுதியது:

ரிங் சாட்சி அருமை. ஆனால் "தானாகச் சரியாகிவிடும்" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது, கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பிஸ்டனுக்குப் பயன்படும் சிலிக்கான் கலந்த அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் (0.020 மி.மீ.) விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11. 70 மி.மீ. விட்டத்தில், இரண்டும் 100 டிகிரி சூடேறுகின்றன என்று வையுங்கள். பிஸ்டன் 0.14 பெருக்கும், சிலிண்டர் 0.077 பெருக்கும். அதாவது குளிர்ந்த நிலையில் நீங்கள் விட்ட இடைவெளியில் 0.063 காணாமல் போகும். 0.08 விட்டிருந்தால் 0.017 மிச்சம், ஆயில் படலம் நிற்க இடம் இருக்கிறது. 0.05 விட்டிருந்தால் கணக்கு மைனஸில் போகிறது. உண்மையில் பிஸ்டனின் எல்லா இடமும் ஒரே சூடு இல்லை, ஸ்கர்ட் தலையைவிடக் குளிர்ச்சி, ஆகவே இவ்வளவு கறாராக நடக்காது. ஆனால் சிலிண்டரின் அடிப் பகுதியும் குளிர்ச்சி, அது மேல் பகுதி அளவுக்கு விரியாது. ஏற்கெனவே ஒடுங்கிய இடம், அதிலும் விரிவு குறைந்த இடம். அங்கே ஸ்கர்ட்டின் மிகப் பெரிய அளவு போய் நிற்கிறது.

பம்புசெட்டையும் இதையும் ஒப்பிடுவது சரிவராது. தண்ணீரில் குளிரும் டீசல் என்ஜின் ஒரே வேகத்தில் ஒரே சுமையில் நின்ற இடத்தில் ஓடுகிறது, சிலிண்டர் சூட்டைத் தண்ணீர் பிடித்து வைக்கிறது. புல்லட் மாஞ்சோலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது என்ஜினுக்கு வேலை அதிகம், முகத்தில் அடிக்கும் காற்று குறைவு.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். எந்த நேரத்தில் அளந்தீர்கள்? அளவுக் கருவிகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற வெப்பநிலை 20 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அது அபூர்வம், அதைத் தேடி அலைய வேண்டாம். பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர் மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் போதும், 30 ஆனாலும் 32 ஆனாலும் வரும் வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் பிஸ்டன் மட்டும் வெயில் விழுகிற திண்ணையில் கிடந்து 20 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் அது 0.028 பெருத்திருக்கும், ஒரு தவ்வுக்கும் மேல். தகரக் கொட்டகை பட்டறையில் உச்சி வெயிலில், ஹோன் செய்து சூடாக இருக்கும் சிலிண்டரை அப்படியே அளப்பவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் சிலிண்டர் பெரியதாகக் காட்டும், மூன்று தவ் வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், வீட்டுக்கு வந்து ஆறியதும் இரண்டரை ஆகிவிடும். ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே மேசையில் வைத்துவிட்டு, காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் ரொம்ப நேரம் பொத்திப் பிடிக்காதீர்கள், அதற்குத்தான் சட்டத்தில் பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறார்கள்.

———

பேட்டை_லேத் எழுதியது:

ஹோன் சூடு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே ஹோன் செய்து, கடைசி ஒரு தவ்வுக்கு முன்னால் நிறுத்தி, ஆறவிட்டு, அப்புறம்தான் முடிப்பேன். வாடிக்கையாளர் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் சூடு மட்டும் காரணம் என்றால் மேல், நடு, அடி மூன்றும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். இங்கே அடி மட்டும் குறைகிறது. அது ஹோன் ஓட்டத்தில் வருகிற குறை. கல் சிலிண்டரின் முனையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்து திரும்ப வேண்டும், கல்லின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் சரி. தாண்டாமல் உள்ளேயே திருப்பினால் முனையில் கல் படுகிற நேரம் குறைவு, அங்கே ஒடுக்கமாக நிற்கும். ரொம்பத் தாண்டினால் நேர்மாறு, வாய் அகன்றுவிடும். சிலிண்டரை மேசை மேல் அப்படியே உட்காரவைத்து, அடியில் கட்டை கொடுக்காமல் ஹோன் செய்தால் கல் மேசையில் இடிக்குமே என்று பயந்து முன்னாடியே திருப்பிவிடுவார்கள். உங்கள் எண்களைப் பார்த்தால் எனக்கு அந்த மாதிரிதான் படுகிறது. இது பெரிய குற்றம் இல்லை, சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகாது.

டீசல் அண்ணாச்சி, ரன்னினில் சரியாகும் என்று நீங்கள் சொல்லுவது ரிங்குக்கும் ஹோன் கீறலுக்கும் பொருந்தும். கீறலின் கூர்முனைகள் மழுங்கி ரிங்கோடு படிந்துவிடும், அது நல்லது. இடைவெளி போதாமல் ஸ்கர்ட் ஒட்டினால் அது படிவது இல்லை, அலுமினியம் பிய்ந்து இரும்புச் சுவரில் ஈயம் பூசிய மாதிரி அப்பிக்கொள்ளும். அதைத் தேய்த்து எடுத்து மறுபடி ஹோன் செய்தால் அடுத்த ஓவருக்குப் போக வேண்டியதுதான். 0.50 போட்டாச்சு, இன்னும் 0.75ம் 1.00மும்தான் பாக்கி, அப்புறம் ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய் இறக்குவது). அப்பா வண்டி என்கிறார், அவ்வளவு சீக்கிரம் செலவழிக்க வேண்டாம்.

மலை ஏறுகிறோம் என்று சொல்லி ஐந்து தவ் கேட்கிறவர்களும் வருகிறார்கள். அதையும் நான் ஒப்புவதில்லை. ஜாம் ஆகாது, சரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் சுவரில் தட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும், பிஸ்டன் ஆடினால் ரிங் சுவரில் தட்டையாக உட்காராது, ஆயில் மேலே ஏறும், பழைய நீலப் புகை திரும்ப வந்து நிற்கும்.

———

கல்லிடை_350 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர், டயல் எல்லாவற்றையும் ராத்திரி உள்ளறையில் சிமெண்டுத் தரையில் பேப்பர் விரித்து வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன். முதலில் மைக்ரோமீட்டரை அதன் கூடவே வந்த 50 மி.மீ. கம்பியில் பார்த்தால் 50.01 காட்டுகிறது. பேட்டை அண்ணாச்சி சொன்னபடி அது கழிந்துவிடும் என்பதால் திருத்தாமல் அப்படியே விட்டேன். ராட்செட்டைத்தான் திருகினேன், சுழல்தண்டைக் கையால் இறுக்கவில்லை.

மைக்ரோமீட்டரைப் பிஸ்டன் அளவில் பூட்டி, டயலை அதில் பூஜ்யம் வைத்து, சிலிண்டரில் இறக்கினேன். நேரடி இடைவெளி இப்படி வருகிறது:
மேலே: 0.08 / 0.07
நடுவில்: 0.08 / 0.08
அடியில்: 0.05 / 0.05, ஒரு தடவை 0.045 என்றும் சொல்லலாம், முள் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது

ரிங் வாய்: மேலே 0.35 தகடு நெருக்கமாகப் போகிறது, 0.40 போகவில்லை. நடுவிலும் அதே. அடியில் 0.35 போகவே இல்லை, 0.25 போகிறது. அதாவது சுமார் 0.10 மூடியிருக்கிறது, 3.14ஆல் வகுத்தால் 0.03. டயல் சொன்னதும் ரிங் சொன்னதும் ஒன்று.

இதை எழுதி எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா? சண்டை போட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

———

பேட்டை_லேத் எழுதியது:

அதே இடத்துக்கே போங்கள், சிலிண்டர் அவர்கள் கைபட்ட வேலை. எண்ணைக் காட்டி வாதாட வேண்டாம். ரிங்கையும் ஃபில்லர் கேஜையும் கையோடு கொண்டுபோய் அவர் கண்முன்னால் மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை வைத்துக் காட்டுங்கள். டயலைப் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லலாம், ரிங்கைச் சொல்ல முடியாது. பிஸ்டனையும் கட்டாயம் கொடுத்துவிட்டு வாங்க. பிஸ்டன் கையில் இல்லாமல் 0.50 என்றால் 70.50தான் என்று எண்ணுக்குப் போர் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒவ்வொரு கம்பெனியும் இடைவெளியைப் பிஸ்டனில் கழித்துத்தான் தருகிறான் என்று சொல்ல முடியாது, ஒரே கம்பெனியில்கூட இரண்டு பிஸ்டனுக்கு நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் வரும். உங்களுக்கு 70.42 வந்ததால் தப்பித்தது.

அடியை மட்டும் 0.02லிருந்து 0.03 வரை எடுக்கச் சொல்லுங்கள். மேலே கல் படக்கூடாது. கீறல் குறுக்கு நெடுக்காகப் பின்னல் தெரிய வேண்டும், படுத்த கோடாக வளையம் வளையமாக இருந்தால் ஹோனைச் சுற்றினார்கள், மேலும் கீழும் ஓட்டவில்லை என்று அர்த்தம். அடி விளிம்பில் ரிங் நுழைகிற இடத்தில் சின்னச் சரிவு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் மாட்டும்போதே ரிங் ஒடியும்.

வாங்கி வந்ததும் பெட்ரோலில் கழுவுகிற வேலை வேண்டாம். பெட்ரோல் எண்ணெயை எடுத்துவிட்டுக் கல் தூளைக் கீறலுக்குள்ளேயே விட்டுவிடும். சுடுதண்ணீரும் பாத்திரம் விளக்குகிற சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள், வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வரக்கூடாது, அதுவரைக்கும் தேய்க்கத்தான் வேண்டும். உலர்ந்த உடனே ஆயில் தடவுங்கள், பச்சை இரும்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு கட்டும். கடைசி அளவு அதற்கு அப்புறம்தான், ஆயிலைத் துடைத்துவிட்டு.

———

தேரிக்காட்டு_டீசல் எழுதியது:

ரிங் ஜெயித்துவிட்டது, எனக்கு அது போதும். ஏற்றத்துக்கு 0.05 போதாது என்ற கணக்கை நானும் மறுக்கவில்லை. பம்புசெட்டில் நான் சொன்னதை இன்னும் சொல்லுவேன், அது வேறு என்ஜின்.

ரிங் வாய் 0.35 உங்கள் வண்டிக்குச் சரியான அளவுதான். அங்குலத்துக்கு நாலு தவ் என்று கணக்குப் பார்த்தால் 0.28 குறைந்தபட்சம் வேண்டும், அடியில் 0.25 என்றது அதற்கும் கீழே போய்விட்டது, சூட்டில் இரண்டு முனையும் முட்டக்கூடும். ஹோன் செய்து வந்த பிறகு அடியில் பாருங்கள், அப்போதும் குறைவாக இருந்தால் மட்டும் ரிங் முனையை நைஸ் அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். இரண்டாவது ரிங்கையும் தனியாகப் பார்க்க வேண்டும், மேல் ரிங் சரி என்றால் அதுவும் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

———

கல்லிடை_350 எழுதியது:

பட்டறையில் ரிங்கைக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார், சிலிண்டரைக் கட்டை மேல் தூக்கி வைத்து என் முன்னாலேயே செய்து கொடுத்தார், காசும் வாங்கவில்லை. வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி, ராத்திரி வைத்துக் காலையில் பார்த்த இடைவெளி: மேலே 0.08 / 0.08, நடுவில் 0.08 / 0.08, அடியில் 0.08 / 0.07. ரிங் வாய் அடியில் 0.35 தகடு கொஞ்சம் உரசிப் போகிறது, இரண்டாவது ரிங்கும் கிட்டத்தட்ட அதேதான். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குப் பசை விட்டிருக்கிறது, புதுசு வாங்கியாச்சு.

இரண்டாவது ரிங்கில் ஒரு பக்கம் சின்ன எழுத்து பொறித்திருக்கிறது, அது மேலேயா கீழேயா?

———

பேட்டை_லேத் எழுதியது:

எழுத்து மேலே, ஹெட் பக்கம். மூன்று ரிங்கின் வாயும் ஒரே கோட்டில் வராமல் திருப்பிவைத்து மாட்டுங்கள், எந்த வாயும் ஸ்கர்ட் உரசுகிற முன்–பின் பக்கத்துக்கு நேராக நிற்க வேண்டாம். பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் பின் லாக் இரண்டும் புதுசு போடுங்கள், பழையதை வளைத்துப் போடக்கூடாது. முதல் தடவை ஓட்டி ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.